மஞ்சள் பைக்கு ஒரு கணக்கு!

கிழமையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஊர் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஊர்கள் உண்டு. இரணியலை ஒட்டி இருக்கிறது திங்கள்சந்தை. சற்றுத் தொலைவில் இருக்கிறது வெள்ளிச்சந்தை. திங்கட்கிழமை சந்தை கூடிய இடம் திங்கள்சந்தை. வெள்ளிக்கிழமை சந்தை கூடிய இடம் எது என்று நான் சொல்லவே வேண்டாம்!

இரணியல் பழமையான ஊர். வேணாட்டு மன்னர்களின் அரண்மனை அங்கே இருந்தது. கைத்தறி நெசவுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆனால் இன்று நாம் அரண்மனையைப் பார்க்கப் போவதில்லை. கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகப் போகிறோம்.

வாரத்துக்கு ஒரே ஒரு நாள்!

வாரத்தில் ஒரு நாள்தான் சந்தை என்றால் என்ன ஆகும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நினைத்த நேரத்தில் ஓடிப்போய் எதையும் வாங்க முடியாது. வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதலிலேயே பார்க்க வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமைதான்!

சந்தைக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகவும் மாட்டார்கள். காய்கறிக்குத் துணிப்பை, எண்ணெய்க்குக் குப்பி, மீனுக்கு ஓலைப்பெட்டி. பெரிய ஓலைப்பெட்டியைக் குமரி மாவட்டத்தில் 'கடவம்' என்பார்கள். பனை ஓலையில் முடைந்தது. கிழிந்து போனால் தென்னை மூட்டில் போட்டுவிடலாம். மட்கி உரமாகிவிடும். பனைதான் நம் தமிழ்நாட்டின் மாநில மரம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது எல்லா நாளும் கடைகள் திறந்திருக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் கையை வீசிக்கொண்டு கடைக்குப் போகும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. பச்சை மிளகாய்க்கு ஒரு பை, தக்காளிக்கு ஒரு பை, இவை இரண்டையும் போட இன்னொரு பை!

அந்தப் பை எங்கே போகிறது?

வீட்டுக்கு வந்ததும் பையின் வேலை முடிந்துவிடுகிறது. தெருவோரத்தில் போய் விழுகிறது. மழை வந்தால் ஓடைக்கு, ஓடையிலிருந்து குளத்துக்கு, ஆற்றுக்கு என்று பயணம் போகிறது. இரணியல் பக்கத்து ஆறு வள்ளியாறு. அது வேளிமலையில் பிறந்து மணவாளக்குறிச்சிக்கு அருகே கடலில் சேர்கிறது.

கடலுக்குப் போன பிளாஸ்டிக் மறைந்து போகாது. வெயிலிலும் அலையிலும் உடைந்து உடைந்து சிறு துணுக்குகளாகும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகளை 'நுண் பிளாஸ்டிக்' என்கிறார்கள். மீன்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. கடல் ஆமைகளோ மிதக்கும் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து விழுங்குகின்றன. அதே கடலில் பிடித்த மீன்தான் நம் சந்தைக்கு வருகிறது. பார்த்தீர்களா? நாம் வீசியது சுற்றிச் சுற்றி நம்மிடமே வருகிறது!

இதனால்தான் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கரண்டி, உறிஞ்சு குழாய் போன்ற பல பொருள்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தது.

'அப்படியானால் துணிப்பை வாங்கிவிட்டால் போதும்' என்கிறீர்களா? பொறுங்கள்! இங்கேதான் நம் கணக்கு வருகிறது.

131 என்ற எண்

துணிப்பை சும்மா கிடைப்பதில்லை. பருத்தி விளைய வேண்டும். அதற்குத் தண்ணீரும் உரமும் வேண்டும். பிறகு நூற்க வேண்டும், நெய்ய வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும், லாரியில் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நீரோ எரிபொருளோ செலவாகிறது.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை இதைக் கணக்கிட்டு 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. புவி வெப்பமடைவதை மட்டும் பார்த்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை நல்லது என்று சொல்ல, அதை 131 முறையாவது பயன்படுத்த வேண்டுமாம்!

கணக்கு நோட்டை எடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை சந்தைக்குப் போனால் ஓர் ஆண்டுக்கு 52 முறை. 131-ஐ 52-ஆல் வகுத்தால்? ஏறக்குறைய இரண்டரை. அதாவது ஒரே மஞ்சள் பையை இரண்டரை ஆண்டுகள் விடாமல் கொண்டுபோக வேண்டும். கல்யாண வீடுகளில் கிடைத்த பத்துப் பைகளை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, கடையில் பதினொன்றாவது பையை வாங்கினால் பூமிக்கு ஒரு லாபமும் இல்லை.

பிளாஸ்டிக் பை ஓடையை அடைப்பதும், ஆமையின் வயிற்றில் போவதும் இந்த 131-இல் சேரவில்லை. அதனால் பிளாஸ்டிக் பைக்குத் திரும்ப வேண்டாம். ஒரு பொருள் எதனால் ஆனது என்று மட்டும் கேட்காமல், அதை எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்றும் கேட்க வேண்டும். அவ்வளவுதான். பத்து ஆண்டுகள் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளி கெட்டதல்ல. இரண்டு முறை மட்டும் எடுத்துப்போன துணிப்பை நல்லதும் அல்ல.

ஒரு வேட்டியின் கதை

இந்தக் கணக்கு நம் பாட்டிமார்களுக்கு எழுதாமலேயே தெரியும். தறியில் நெய்த வேட்டி பழசானால் என்ன ஆகும்? மெத்தென்று ஆகிவிட்டதே என்று குழந்தைக்குத் தொட்டில் கட்டுவார்கள். அப்புறம் சூடான பாத்திரத்தை இறக்கும் கைப்பிடித் துணியாகும். கடைசியில் கிழித்துத் திரித்தால் விளக்குத் திரி! ஒரு துணிக்கு நான்கு பிறவி.

உங்களிடமும் அப்படிப் பல பொருள்கள் உண்டு. சென்ற ஆண்டு நோட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாள்களைத் தைத்தால் கணக்குப் போட ஒரு நோட்டு கிடைக்கும். மை தீர்ந்த பேனாவுக்கு ரீஃபில் மட்டும் வாங்கினால் போதும். புத்தகப் பையின் ஜிப் போனால் பையையே தூக்கிப்போட வேண்டாம். தையல்காரரிடம் கொடுத்தால் ஜிப்பை மாற்றித் தருவார். செருப்பின் வார் அறுந்தாலும், குடையின் கம்பி ஒடிந்தாலும் அப்படியே. உங்களுக்குச் சிறிதாகிவிட்ட சீருடை தம்பிக்கோ பக்கத்து வீட்டுத் தங்கைக்கோ சரியாக இருக்கும்.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

1. இது உண்மையாகவே வேண்டுமா? அல்லது விளம்பரத்தைப் பார்த்ததால் வேண்டும்போல் இருக்கிறதா?

2. வீட்டில் இருப்பதைச் சரிசெய்தோ, யாரிடமாவது இரவல் வாங்கியோ சமாளிக்கலாமா?

3. நம் பக்கத்தில் விளைந்தது, நம் பக்கத்தில் செய்தது கிடைக்குமா?

மூன்றாவது கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. காஷ்மீர் ஆப்பிள் இரணியலுக்கு வர 3,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். குமரி மாவட்டத்து மட்டிப் பழமோ பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தோலே அதற்கு உறை; அந்த உறையையும் ஆடு தின்றுவிடும்! ஆப்பிளே சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தினமும் தின்னும் பழம் நம் ஊர்ப் பழமாக இருக்கட்டுமே.

இன்றே தொடங்கலாம்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துணிப்பைகளில் கெட்டியான ஒன்றை எடுங்கள். உள்பக்கம் அழியாத மையால் இன்றைய தேதியை எழுதுங்கள். கடைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். மறக்காமல் இருக்க வாசல் பக்கத்து ஆணியில் பையை மாட்டி வையுங்கள். பை கிழிந்தால் ஊசி நூலால் நீங்களே தையுங்கள். தையல் போட்ட பையைக் கொண்டுபோக வெட்கப்பட வேண்டியதில்லை. மீன் வாங்கப் பாத்திரம், ஹோட்டலில் சாம்பார் வாங்கத் தூக்குவாளி என்று கொண்டுபோகச் சொல்லி அப்பா, அம்மாவுக்கும் அன்பாக நினைவூட்டுங்கள்.

வகுப்புத் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருடைய பை முதலில் 131 கோடுகளை எட்டுகிறது என்று பார்ப்போம். 131 வந்துவிட்டதே என்று பையைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்! 132-ஆவது கோட்டிலிருந்துதான் உண்மையான லாபம் தொடங்குகிறது.

எங்கே, பையை எடுத்துவிட்டீர்களா?