எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது?

தெருப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு டியூஷன் நடத்தலாம் என்று நாலு பேர் கூடிவிட்டீர்கள். இடம் பெரிய சிக்கலில்லை. பள்ளித் தாழ்வாரமோ சமுதாயக் கூடமோ கேட்டால் கிடைக்கும். அறக்கட்டளையாக நடத்துவதென்றால், அதன் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வருமான வரித்துறையில் உரிய பதிவுகளையும் வாங்கினால் நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கலாம். நல்ல ஆடிட்டர் ஒருவர் இதைப் பார்த்துக்கொள்வார். நாம் முதல் நாள் வகுப்புக்குப் போவோம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து உட்கார்கிறாள். அநேகமாக எல்லோரும் உடனே எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் பிரிக்கிறோம். பள்ளியில் புரியாததை மாலையில் பொறுமையாகத் திரும்பச் சொன்னால் புரிந்துவிடும் என்று நம்புகிறோம். பெரும்பாலும் புரிவதில்லை.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, 52இல் 38 போனால் எவ்வளவு என்று கேட்டுப் பார்ப்போம். 26 என்று எழுதுகிறாள். இது கவனக்குறைவு இல்லை. 8இல் 2 போக 6, 5இல் 3 போக 2 என்று, ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். தானே உண்டாக்கிக்கொண்ட ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறாள். இந்தப் பிள்ளையை மக்கு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அவளுக்கு விட்டுப்போனது இடமதிப்பு, அதாவது ஓர் இலக்கம் நிற்கிற இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுவது. ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் அவள் கையில் கொடுத்து, 38 ரூபாய் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு தாளுக்குச் சில்லறை மாற்றியாக வேண்டும் என்று அவளே சொல்வாள். மாற்றியபின் 14 ரூபாய் மிஞ்சும். கடன் வாங்கிக் கழிப்பதில் நடப்பது இதுதான். இது புரியாத பிள்ளைக்குத் தசமமும் வகுத்தலும் மந்திரம் போலத்தான் இருக்கும். அதற்கு மேல் இயற்கணிதத்தை எப்படி ஏற்றுவது?

இப்படி அடிப்படையிலிருந்து தொடங்குவது பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. 2001 முதல் இரண்டு கல்வியாண்டுகள் மும்பையிலும் வடோதராவிலும், பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் பால்சகி திட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தினம் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அந்த வட்டாரத்து இளம்பெண்கள் அடிப்படையை மட்டும் கற்பித்தார்கள். மதிப்பெண்கள் உயர்ந்தன, மிகவும் பின்தங்கியவர்களுக்கே அதிகப் பயன் கிடைத்தது. ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபல் பெற்றவர்கள்.

ஆகவே வகுப்பு பார்த்து உட்கார வைக்காமல், தெரிந்தது பார்த்துக் குழு பிரிப்போம். சோதனை எளிது: ஓரிலக்க எண்களை வாசித்தல், ஈரிலக்க எண்களை வாசித்தல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். எங்கே தடுக்குகிறதோ அங்கே தொடங்கலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி சோதித்து, தேறியவர்களை அடுத்த குழுவுக்கு நகர்த்த வேண்டும்.

இதில் மனம் நோகும் இடம் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு நாலாம் வகுப்புத் தம்பியின் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருக்கும். வயதில் பெரியவர்களுக்குத் தனிப் பாய் போடுங்கள். பாடம் ஒன்றாகவே இருக்கட்டும். “பள்ளிக்கூடப் பாடத்தை ஏன் நடத்தலை?” என்று அம்மாக்கள் கேட்பார்கள். அவர்கள் கவலை நியாயமானது, நாளைக்கு வீட்டுப்பாடம் காட்ட வேண்டுமே. கடைசிக் கால்மணி நேரத்தை அதற்கு ஒதுக்கலாம்.