சென்சார் சொல்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்!

சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரைச் சட்டுனு முறுக்குறீங்க. பைக் இழுக்குது, கிளம்பிட்டீங்க. அந்த அரை வினாடிக்குள் இன்ஜினில் ஒரு கணக்கு நடந்து முடிந்திருக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி, மறுநாளே நாம மறந்துபோன அதே கணக்கு!

முதலில் அடிப்படை. 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். புகை வெளியேறும் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்வது இந்த விகிதத்தை ஒட்டி மட்டும்தான். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிக்கும். பெட்ரோல் கூடினால் மற்ற இரண்டும் தப்பிக்கும். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதிகள் அமலானபோது நம்ம ஊர் பைக்குகள் பெரும்பாலும் கார்புரேட்டரைக் கைவிட்டதற்கு இந்தத் துல்லியம் ஒரு முக்கியக் காரணம்.

கலவை சரியா இருக்கான்னு யார் பார்ப்பது? புகைக்குழாயில் உள்ள லாம்டா சென்சார். 1976-ல் பாஷ் நிறுவனம் இதை வோல்வோ கார்களில் கொண்டுவந்தது. சாதாரண வகை சென்சார், பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் சுமார் 0.1 வோல்ட் தரும். சாம்பாரில் உப்பு கூடவா குறைவான்னு சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது.

"சென்சார் இருக்கு, ஒரு பி.ஐ. கன்ட்ரோலர் போட்டா வேலை முடிஞ்சது." மினி ப்ராஜெக்ட்டில் நாங்களும் இப்படித்தான் நினைத்தோம். சிமுலிங்க் மாடலில் ஒரு டிலே பிளாக்கைச் சேர்த்ததும் கிராஃப் ஊஞ்சல் ஆட ஆரம்பித்தது. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, அந்த பிளாக்கையே தூக்கிடலாமான்னு யோசிச்சோம். கிராஃப் அழகா வந்திருக்கும். ஆனா அப்படி ஒரு இன்ஜின் உலகத்தில் கிடையாது.

ஏன்? ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுழற்சிக்கு கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். 800 ஆர்.பி.எம்-ல் அதற்கு 0.15 வினாடி. இன்று தெளித்த பெட்ரோல் எரிந்து, புகையாகி, குழாயில் நகர்ந்து சென்சாரைத் தொடுவதற்கு அதைவிடவும் நேரம் ஆகும். ஹாஸ்டல் கீசர் மாதிரி: தண்ணி சுடலைன்னு குழாயை இன்னும் திறப்போம், கொஞ்ச நேரம் கழிச்சு முதுகு வெந்துடும். கெயினை ஏற்றினால் நடப்பதும் இதுதான். 6000 ஆர்.பி.எம்-ல் அதே சுழற்சி 0.02 வினாடியில் முடிந்துவிடும். அதனால் எல்லா வேகத்துக்கும் ஒரே கெயின் சரிப்படாது.

இன்னொரு வில்லனும் உண்டு. இன்டேக் போர்ட்டில் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு, மெதுவாக ஆவியாகி உள்ளே போகும். 1981-ல் அக்கினோ என்பவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையால் பிரபலமான எக்ஸ்-டௌ மாடல் இதைத்தான் விவரிக்கிறது. எக்ஸ் என்பது ஒட்டும் பங்கு, டௌ என்பது ஆவியாகும் நேரம்.

ஒட்டும் பங்கு 30 சதவீதம்னு வைங்க. நிதானமாகப் போகும்போது 10 மில்லிகிராம் தெளித்தால் 3 ஒட்டும். பழைய படலத்திலிருந்து 3 வரும். கணக்கு நேர். திடீர்னு த்ராட்டிலைத் திறந்ததும் 15 தேவை. 15 தெளித்தால் 10.5 நேராகப் போகும், படலம் 3 தரும், மொத்தம் 13.5 தான். விகிதம் 14.7-லிருந்து 16.3-க்கு எகிறிடும், வண்டி திக்கும். சென்சார் அதைப் பார்த்துச் சொல்வதற்குள் பல சுழற்சிகள் ஓடிப்போயிருக்கும்.

அதனால் இ.சி.யு. காத்திருப்பதில்லை. உள்ளே வரும் காற்றை அளந்து, மாடலைத் தலைகீழாகப் போட்டு, முன்கூட்டியே சுமார் 17.1 மில்லிகிராம் தெளிக்கிறது. 12 நேராக, 3 படலத்திலிருந்து, சரியாக 15! இதுதான் ஃபீட்ஃபார்வர்ட். மிச்சம் மீதி பிழையை மட்டும் ஃபீட்பேக் நிதானமாகத் திருத்தும்.

நாங்க கடைசியில் டிலே பிளாக்கை விட்டுவெச்சு, இந்த மாடலைச் சேர்த்தோம். கிராஃபில் இன்னும் சின்ன மேடு இருந்துச்சு, ரிவ்யூவில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வியே. பதில் சொல்ல முடிஞ்சது. உங்க ப்ராஜெக்ட்டிலும் கிராஃபைக் கெடுக்கிற பிளாக் ஏதாவது இருந்தா, டெலீட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க. நிஜ இன்ஜின் அதுக்குள்ளதான் இருக்கும்.