செல்லாக் காசு எது?

ஒரு காசு செல்லாமற் போவதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டும் என்றுதான் நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அதற்கு ஒரு டீக்கடைக்காரர் தலையை ஆட்டினால் போதும். அவர் வாங்க மறுத்ததைப் பஸ் கண்டக்டரும் மறுப்பார். பிறகு காய்கறிக்காரியும் மறுப்பாள். சில வருஷங்களுக்கு முன்பு தமிழ்நாட்டின் பல ஊர்களில் பத்து ரூபாய்க் காசுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது.

இதனால் யாருக்கு நஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலே இரவு முழுவதும் உருக்காலையின் அனலில் நின்றுவிட்டு வருகிற தொழிலாளியின் பையில் நாலு பத்து ரூபாய்க் காசுகள் இருக்கின்றன. அவை வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டால், அவனுக்கு அன்று காலைப் பலகாரம் இல்லை. வசதியுள்ளவர் அந்த நாலு காசையும் மேஜை அறைக்குள் போட்டு மறந்துவிடலாம். அவனால் முடியுமா?

வதந்திக்குக் காரணம் என்னவென்றால், பத்து ரூபாய்க் காசு ஒரே மாதிரியாக இல்லை என்பதுதான். ஒன்றில் ரூபாய்ச் சின்னம் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. ஒன்றில் பத்துக் கதிர்கள், இன்னொன்றில் பதினைந்து. உடனே, "இது கள்ளக் காசு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்! ரிசர்வ் பாங்கு 1934-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட ஸ்தாபனம். அது 2018-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், அதுவரை பதினான்கு விதமான பத்து ரூபாய்க் காசுகள் வெளிவந்திருக்கின்றன என்றும், பதினான்கும் செல்லும் என்றும் தெளிவாகச் சொல்லிற்று.

அறிக்கைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. காசின் மேலுள்ள வருஷத்தைப் பார்த்தாலே விடை கிடைத்திருக்கும். தேவநாகரி 'ர'வும் ரோமன் எழுத்தும் சேர்ந்தாற்போல் அமைந்த ரூபாய்ச் சின்னத்தைத் தமிழ்நாட்டவரான உதயகுமார் வரைந்தார். இந்திய சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது 2010-ம் வருஷம் ஜூலை மாதத்தில். 2011 முதல் அச்சான காசுகளில் அச்சின்னம் இடம் பெற்றது. ஆகவே 2009 என்று வருஷம் பொறித்த காசிலே அந்தச் சின்னம் எப்படி இருக்க முடியும்? பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதற்குப் பெயர் சூட்டவில்லையே என்று குறை சொல்வதைப் போலல்லவா இருக்கிறது!

நாணயம் சேகரிப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய தங்க வராகனைத் தேடுகிறவர்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் நம் காலத்துக் காசுகளைச் சேர்ப்பதற்குக் காசின் முகமதிப்புக்கு மேல் ஒரு தம்படி செலவில்லை. மளிகைக் கடையிலிருந்து வரும் சில்லறையைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். சில நாட்களிலேயே, எந்தக் காசு எந்த ஊரில் பிறந்தது என்று அவர்கள் உங்களுக்குச் சொல்லத் தொடங்குவார்கள்.

அதற்கு வழி இதுதான். வருஷத்தின் கீழே கூர்ந்து பாருங்கள். வைர வடிவம் இருந்தால் பம்பாய் நாணயசாலை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் டில்லிக்கு அருகேயுள்ள நொய்டா. ஒரு குறியும் இல்லாவிட்டால் அது கல்கத்தாவில் அச்சானது. 'குறி விடுபட்ட அபூர்வக் காசு' என்று யாரேனும் அதிக விலை சொன்னால் ஏமாற வேண்டாம். 1985-ம் வருஷத்து ஒரு ரூபாய்க் காசுகள் சிலவற்றில் 'எச்' என்ற ஆங்கில எழுத்தைக் காணலாம். அவை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் அச்சிடப்பட்டவை. 1999-ம் வருஷத்து ஐந்து ரூபாயில் ருஷ்ய எழுத்துக்கள் இருந்தால் அது மாஸ்கோவிலிருந்து வந்த காசு.

காந்தத் துண்டு ஒன்று கையில் இருந்தால் இன்னும் சில விஷயங்கள் விளங்கும். தடித்த பழைய ஐந்து ரூபாய்க் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தில் ஒட்டாது. 2007-ல் வந்த ஐந்து ரூபாயோ எவர்சில்வர் இனத்தைச் சேர்ந்த உருக்கு, சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பிறகு 2009-ல் வந்த மஞ்சள் நிறக் காசு ஒட்டாது. ஒரு ரூபாயும் 1992 முதல் உருக்காக மாறிவிட்டது. நம் சேலம் உருக்காலையில் இப்படிப்பட்ட காசுகளுக்கான வில்லைகளை வெட்டுவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு.

இந்தக் காசுகளின் முகங்களிலேயே சுதந்திர பாரதத்தின் சரித்திரம் எழுதியிருக்கிறது. 1950-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி மன்னரின் தலை நீங்கி, அசோகரின் சிங்கங்கள் நம் நாணயத்தில் வந்து அமர்ந்தன. 1957 ஏப்ரல் முதல் தேதியன்று அணாவும் தம்படியும் விடைபெற்று, ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு வந்தது. 1995-ல் தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை முன்னிட்டுத் திருவள்ளுவர் காசிலே எழுந்தருளினார். அண்ணாதுரை நூற்றாண்டை ஒட்டி 2009-ல் வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே பொறிக்கப்பட்டிருக்கிறது.

திருவள்ளூர் ஜில்லாவுக்கு இந்த விஷயம் புதிதன்று. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடலும் ஏரியும் சேரும் பழவேற்காட்டில், டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள். அந்த நூற்றாண்டிலேயே அங்கு நாணயமும் அடித்தார்கள். அந்நியக் கம்பெனி ஒன்று தன் முத்திரையைப் பொறித்து நம் கடற்கரையில் காசு வெளியிட்ட காலம் அது. இன்றோ நம் கையிலுள்ள காசில் நம் நாட்டுச் சின்னமே இருக்கிறது. அதைத்தான் நாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம்!

அச்சத்தைப் போலவே பேராசையும் அறியாமையின் பிள்ளைதான். "உங்களிடம் பழைய காசு இருக்கிறதா? லட்ச ரூபாய் தருகிறோம்" என்று விளம்பரம் செய்து, முதலில் கமிஷன், வரி என்று பணம் பறிப்பவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ரிசர்வ் பாங்கின் பெயரையே அவர்கள் உபயோகிக்கிறார்கள். அதற்கும் தங்களுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று பாங்கு 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை செய்தது.

அபூர்வமான காசு இல்லவே இல்லை என்பதல்ல. அமெரிக்காவில் 2007-ம் வருஷம் ஜார்ஜ் வாஷிங்டன் உருவத்துடன் டாலர் காசு வெளிவந்தபோது, விளிம்பிலே எழுத்துப் பொறிக்கும் வேலை விடுபட்ட காசுகள் பல வெளியேறிவிட்டன. விளிம்பைத் திருப்பிப் பார்த்தவர்கள்தான் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். அதிர்ஷ்டமும் கவனிப்பவர்களைத் தேடித்தான் வருகிறது.

சேகரிக்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுக் காசைத் துலக்கிவிடாதீர்கள். மேற்புறம் தேய்ந்த காசைச் சேகரிப்போர் மதிப்பதில்லை. ஒவ்வொரு வகையிலும் நல்லதாக ஒன்றை எடுத்துக் காகித உறையில் வைத்து, வருஷத்தையும் ஊரையும் எழுதுங்கள். மீதியைத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். காசு புழங்குவதற்காகத்தான் பிறந்தது.

அடுத்த முறை யாரேனும் பத்து ரூபாய்க் காசை நீட்டினால், வருஷத்தைப் பார்த்து, குறியைப் பார்த்து, புன்னகையுடன் வாங்கிக் கொள்ளுங்கள். காசுக்குப் பின்னால் சர்க்காரின் வாக்குறுதி நிற்கிறது. அதைக் கையில் வாங்கிக் காப்பாற்ற வேண்டியவர்கள் ஜனங்களாகிய நாம்தான்.