தீபாவளிக் கோலம் போட்டால் பதவி உயர்வு கிடைக்குமா?

ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் வழியாகத் தினமும் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? 1972-இல் இன்டெல் அங்கே கால் வைத்ததிலிருந்து அமெரிக்க கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட கம்பெனியில் இருந்தால் ‘இ.ஆர்.ஜி’ என்ற பெயர் காதில் விழுந்திருக்கலாம்.

தமிழில் ஊழியர் வளக் குழு. பெண்கள், சிறுபான்மை இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் என ஒரே மாதிரி சிக்கலைச் சந்திக்கும் ஊழியர்கள் வேலையிடத்திலேயே நடத்தும் குழு.

சரி, சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

கதை ஜெராக்ஸில் ஆரம்பிக்கிறது. 1964-இல் அதன் தலைமையகம் இருந்த ரோசெஸ்டர் நகரில் இனக் கலவரம் வெடித்தது. அதன்பின் கம்பெனி கறுப்பினத்தவரைக் கூடுதலாக வேலைக்கு எடுத்தது. எடுத்தது சரி, ஆனால் விற்பனைக்கு அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வருமானம் குறைந்த பகுதிகள்தான். விற்பனை குறைந்தால் கமிஷன் குறையும், பதவி உயர்வும் தள்ளிப்போகும். 1970 வாக்கில் அவர்கள் குழுவாகத் திரண்டு இதைக் கேள்வி கேட்டார்கள். வெறும் புகாரோடு நிற்கவில்லை. விற்பனை நுணுக்கங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அதுதான் முக்கியமான பகுதி.

ஆய்வும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. அமெரிக்காவின் கறுப்பின மேலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1998-இல் வெளியானது. இப்படிப்பட்ட குழு இருந்த இடங்களில் தங்கள் எதிர்காலம் பற்றி அவர்களுக்கு நம்பிக்கை கூடியிருந்தது. பெரும்பாலும் காரணம், வழிகாட்ட ஒரு மூத்தவர் கிடைத்ததுதான். குழுவில் சேர்ந்த மேலாளர்களுக்கு வேலையை விடும் எண்ணம் குறைகிறது என்று 2002-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. உற்பத்தித்திறனுக்கான லாபம் இங்கேதான் வருகிறது: பழகிய பொறியாளர் போய்விட்டால், புதியவர் அந்த மெஷினைப் புரிந்துகொள்ளவே மாதக்கணக்காகும்.

ஆனால் ஒரு பிடி இருக்கு. கோலம், முறுக்கு, மேடை அலங்காரம் எல்லாம் யார் செய்றது? பெரும்பாலும் இளம் ஊழியர்கள், அதுவும் வேலை நேரம் முடிந்த பிறகு, சம்பளமில்லாமல். 2021-இல் லிங்க்ட்இன் தன் குழுக்களின் உலகளாவிய தலைவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தது செய்தியானதே, மற்ற பெரும்பாலான இடங்களில் அது நடப்பதில்லை என்பதால்தான். பொறுப்பை ஏற்கும் முன் பாஸிடம் கேளுங்கள்: இது என் ஆண்டு மதிப்பீட்டில் எழுதப்படுமா? குழுவுக்கு ஆதரவாக மேல்மட்டத்தில் யார் இருக்கிறார்?

இதைத் தொழிற்சங்கத்தோடு மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலேசிய மின்னணுத் தொழிலாளர்களுக்கு 1988-க்குப் பிறகே, அதுவும் கம்பெனிக்குள் மட்டும், சங்கம் அமைக்க அனுமதி கிடைத்தது. வட்டாரச் சங்கங்களுக்கு 2009 வரை காத்திருந்தார்கள். சம்பளம், ஓவர்டைம் பற்றி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட அந்தச் சங்கத்தால்தான் முடியும், இ.ஆர்.ஜி-யால் முடியாது.