நாலே மாதத்தில் எழுந்த நடை மேம்பாலம்

2018-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி. மும்பையில் ஒரே நாளில் மூன்று நடை மேம்பாலங்கள் திறக்கப்பட்டன. ஒன்று எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தில். மற்றொன்று கரி ரோட்டில். மூன்றாவது கல்யாணுக்கு அப்பால் உள்ள அம்பிவிலியில். மூன்றையும் கட்டியவர்கள் காண்டிராக்டர்கள் அல்ல. ராணுவ வீரர்கள்!

மகாராஷ்டிர முதல்-மந்திரி தேவேந்திர பட்னாவிஸ், ரயில்வே மந்திரி பியூஷ் கோயல் ஆகியோர் விழாவில் கலந்து கொண்டார்கள். கைதட்டல் எழுந்தது. ஆனால் எல்பின்ஸ்டன் ரோடு பாலத்தில் முதலில் கால் வைத்தவர்களில் பலருக்கு மனம் கனத்திருக்கும். அந்தப் பாலத்தின் பின்னே 23 உயிர்கள் இருந்தன.

ஆயுத பூஜை அன்று...

2017 செப்டம்பர் 29-ந் தேதி வெள்ளிக்கிழமை. நம்மவர்களுக்கு ஆயுத பூஜை; மராட்டியர்களுக்கு மறுநாள் தசரா. காலை பத்தரை மணி இருக்கும். ஆபீசுக்கு ஓடுகிற நேரம். திடீர் என்று மழை கொட்டியது.

ரயிலில் வந்து இறங்கியவர்கள் மழைக்கு ஒதுங்கிப் பழைய நடை மேம்பாலத்தின் படிகளிலேயே நின்றார்கள். அடுத்தடுத்து ரயில்கள் வந்தன. இறங்கியவர்கள் பின்னாலிருந்து நெருக்கினார்கள். முன்னால் நின்றவர்கள் நகரவில்லை. படியில் ஒருவர் சறுக்க, அவர் மேல் அடுத்தவர் விழ, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து விட்டது.

பண்டிகைக்காகப் பூக்கூடை சுமந்து சென்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். "பூ விழுந்து விட்டது" என்று யாரோ கத்தியது, "பாலம் விழுந்து விட்டது" என்று மற்றவர்கள் காதில் விழுந்து பீதி கிளம்பியதாக, உயிர் தப்பிய ஒருவர் கூறியது பத்திரிகைகளில் வெளிவந்தது. இந்தியில் பூவுக்கும் பாலத்துக்கும் உள்ள சொற்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். பாலம் விழவே இல்லை. அதன் படிதான் கூட்டத்தைத் தாங்கவில்லை.

கூட்டம் எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் பரேல் என்றாலே பஞ்சாலைகள்தான். மில் தொழிலாளி பக்கத்துச் 'சால்' வீட்டில் குடியிருப்பார். சங்கு ஊதியதும் நடந்தே வேலைக்குப் போவார். அவருக்கு ரயில் நிலையத்தின் படி தேவைப்படவில்லை.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக நின்று போயின. அந்த நிலங்களில் வானளாவிய ஆபீஸ் கட்டிடங்கள் எழுந்தன. வங்கி, இன்சூரன்ஸ், டி.வி. கம்பெனி என்று பல வந்தன. குமாஸ்தாவும் டைப்பிஸ்டும் செக்யூரிட்டியும் டோம்பிவிலி, கல்யாண், விரார் என்று தூரத்துப் புறநகர்களிலிருந்து ரயில் ஏறி வந்தார்கள்.

போதாததற்கு, கே.இ.எம்., டாடா ஆஸ்பத்திரிகளும் பரேலில்தான். நோயாளிகளையும், சோற்றுத் தூக்குடன் அவர்களைப் பார்க்க வருகிற உறவினர்களையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஊர் மாறியது, வேலை மாறியது, கூட்டம் பல மடங்கு பெருகியது. படி மட்டும் பழைய படியாகவே இருந்தது. அகலமான புதிய பாலம் வேண்டும் என்று பயணிகள் கேட்டுக் கொண்டே இருந்தார்கள். அதற்கு அனுமதியும் ஆகியிருந்தது. ஆனால், விபத்து நடந்த நாள் வரை வேலை தொடங்கவில்லை.

ராணுவம் வந்தது

அக்டோபர் 31-ந் தேதி, அப்போது ராணுவ மந்திரியாக இருந்த நிர்மலா சீதாராமன், பட்னாவிசுடனும் கோயலுடனும் அந்த இடத்துக்கு வந்தார். மதுரையில் பிறந்தவர் அவர். ராணுவமே பாலம் கட்டித் தரும் என்று அன்று அறிவிக்கப்பட்டது.

இதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. போருக்குப் பயிற்சி பெறுவதே ராணுவத்தின் வேலை, ஊர் வேலைக்கு அவர்களை இழுக்கக் கூடாது என்றார் பஞ்சாப் முதல்-மந்திரியாக இருந்த அமரிந்தர் சிங். அவரே முன்னாள் ராணுவ அதிகாரி. அவர் எழுப்பிய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லையில் பாலம் போடுகிறவர்களை, நகரத்து ரயில் நிலையத்துக்கு ஏன் கூப்பிட வேண்டி வந்தது?

வீரர்கள் கட்டியது 'பெய்லி' வகைப் பாலம். இரண்டாவது உலகப் போரின்போது டொனால்டு பெய்லி என்ற ஆங்கிலேய என்ஜினீயர் வகுத்த முறை இது. பத்து அடி நீள இரும்புச் சட்டங்களைக் கொண்டு வந்து ஊசி கோப்பது போல முளைகளால் இணைப்பார்கள். பெய்லி வகுத்தபடி ஒரு சட்டத்தின் எடை சுமார் 260 கிலோ; ஆறு பேர் தூக்கி விடலாம். ஒரு கரையில் நின்று பூட்டி, உருளைகளின் மேல் வைத்து மறு கரைக்குத் தள்ளி விடுவார்கள்.

போர்க்களத்தில் கீழே ஆறு ஓடும். இங்கே கீழே ரயில் ஓடுகிறது. அதற்கு மேல் 25 ஆயிரம் வோல்ட் மின்கம்பி! ரயிலையும் மின்சாரத்தையும் நிறுத்திக் கிடைத்த கொஞ்ச நேரத்தில்தான் பாலத்தைத் தள்ள வேண்டியிருந்தது. ஜனவரி முடிவில் முடிக்க வேண்டும் என்பது கெடு. ஒரு மாதம் தள்ளிப் போனாலும், நாலு மாதத்துக்குள் சுமார் 73 மீட்டர் நீளப் பாலம் நின்று விட்டது.

நாலு மாதமும் நாலு வருடமும்

இந்த வேகம் எல்லா இடத்திலும் வரவில்லை. 2019 மார்ச் 14-ந் தேதி மாலை, சி.எஸ்.எம்.டி. நிலையத்தை ஒட்டிய 'ஹிமாலயா' நடை மேம்பாலத்தின் தளம் இடிந்து கீழே சாலையில் விழுந்தது. பலர் மாண்டார்கள். சிறு பழுதுகள் பார்த்தால் போதும் என்று அதற்கு முன் நடந்த பரிசோதனையில் சான்று பெற்றிருந்த பாலம் அது!

அங்கே புதுப் பாலம் திறக்க 2023 மார்ச் ஆகி விட்டது. அந்த நாலு வருடமும் கோட்டை வட்டார ஆபீஸ்களுக்குப் போகிறவர்கள் பஸ்சுக்கும் டாக்சிக்கும் நடுவே புகுந்து சாலையைக் கடந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நாலு மாதத்தில் பாலம் கட்ட முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. இரும்பு கிடைக்கிறது, ஆள் கிடைக்கிறது, பணமும் கிடைக்கிறது. நாள் கடப்பதெல்லாம் அனுமதிக்கும் வேலைக்கும் இடையில்தான்.

ரிப்பன் வெட்டுகிற நாளுக்குப் பந்தல் உண்டு, மாலை உண்டு, போட்டோ உண்டு. பைல் நகர்கிற நாளுக்கு எதுவும் கிடையாது. ஆனால், மழையில் நனைந்து கொண்டு படியில் நிற்கிறவனின் உயிர் அந்தப் பைலுக்குள்தான் இருக்கிறது.