ராத்திரி 2 மணிக்கு கரண்டு போனால்...? மூக்கில் குழாயோடு வீடு திரும்பும் குழந்தைகள்!

சென்னை,

கரண்டு போனால் நமக்குப் புழுக்கம். விசிறியை எடுத்து விசிறிக் கொள்கிறோம். மின்சார வாரியத்தைத் திட்டுகிறோம். அதோடு சரி.

ஆனால் சில வீடுகளில், கரண்டு போனால் குழந்தையின் மூச்சுக்கே ஆபத்து!

குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் இவை. ஆஸ்பத்திரியில் 2 மாதம், 3 மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தவை. உயிர் பிழைத்து விட்டன. ஆனால் நுரையீரல் தேறவில்லை. டாக்டர் "வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்கிறார். கூடவே மூக்கில் குழாய். பக்கத்தில் பிராண வாயு (ஆக்சிஜன்) மெஷின்.

அன்று முதல் பெற்ற தாய்தான் நர்சு. தகப்பன்தான் வார்டு பாய். 10-க்கு 10 அறைதான் ஆஸ்பத்திரி!

அது என்ன நோய்?

வயிற்றில் 10 மாதம் இருக்க வேண்டிய பிள்ளை 6 மாதம், 7 மாதத்தில் பிறந்து விடுகிறது. நுரையீரலில் உள்ள காற்றுப் பைகள் முழுதாக வளர்ந்திருக்காது. அந்தப் பைகள் சுருங்கி ஒட்டிக் கொள்ளாமல் இருக்க, சோப்பு நுரை போன்ற ஒரு பொருள் உள்ளே சுரக்க வேண்டும். அதுவும் போதுமான அளவு சுரந்திருக்காது.

எனவே மெஷின் வைத்துக் காற்றை உள்ளே தள்ளுகிறார்கள். கூடுதலாகப் பிராண வாயு கொடுக்கிறார்கள். வேறு வழி கிடையாது.

இங்கேதான் வினை! உயிரைக் காப்பாற்றிய அதே மெஷினும், அதே பிராண வாயுவும் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கி விடுகின்றன. புண் ஆறினாலும் தழும்பு நிற்கிறது. பிறந்து 28 நாள் ஆன பிறகும் பிராண வாயு தேவைப்பட்டால், டாக்டர்கள் இதை நாள்பட்ட நுரையீரல் நோய் என்கிறார்கள்.

1967-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நார்த்வே என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் இதை முதன் முதலில் கண்டு எழுதினார்கள்.

ஜனாதிபதி மகன்

அதற்கு முன்பு இந்த நோயே கிடையாது. ஏன் தெரியுமா? அந்தக் குழந்தைகள் பிழைத்ததே இல்லை!

அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு 1963 ஆகஸ்டு 7-ந் தேதி ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். 5½ வாரம் முன்னதாகவே பிறந்து விட்டான். எடை 2 கிலோவுக்குச் சற்று அதிகம். மூச்சு விட முடியவில்லை. பாஸ்டன் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். பெரிய பெரிய டாக்டர்கள் கூடினார்கள். 39 மணி நேரம்தான் உயிர் இருந்தது. உலகத்தையே ஆட்டி வைத்த ஜனாதிபதியால் தன் பிள்ளைக்கு மூச்சு வாங்கித் தர முடியவில்லை.

அந்த "சோப்பு நுரை" இல்லாததுதான் காரணம் என்பதை மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டர் 1959-லேயே கண்டு சொல்லி இருந்தார். ஆனால் மருந்து இல்லை. 1980-ல் ஜப்பான் நாட்டு டாக்டர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலில் இருந்து எடுத்த பொருளை 10 குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். பிறகு உலகம் முழுவதும் அது பரவியது.

இன்று பேட்ரிக் மாதிரிக் குழந்தைகள் சிரித்துக் கொண்டே வீட்டுக்குப் போகின்றன. அதை விடச் சின்னது, 1 கிலோ கூட இல்லாத குழந்தை கூடப் பிழைக்கிறது. அந்தச் சின்னஞ்சிறுசுகளில் பலவற்றுக்குத்தான் நுரையீரல் கெட்டுப் போகிறது.

வீடே 10 அடி!

இனி நம் ஊருக்கு வருவோம். வியாசர்பாடியிலோ, சைதாப்பேட்டையிலோ ஒரு குடித்தனம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே அறை. மூலையில் அடுப்பு. சுவரில் சாமி படம். நடுவில் தூளி.

பிராண வாயு தானாக எரியாது. ஆனால் எரிகிற நெருப்பை ஆளை விழுங்குகிற தீயாக்கி விடும். அடுப்பு, குத்துவிளக்கு, கற்பூரம், பீடி எல்லாம் 10 அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிறார்கள். வீடே 10 அடி! எங்கே தள்ளுவது?

அடுப்பை வராந்தாவுக்கு மாற்ற வேண்டும். அது முடியாவிட்டால், சமையல் முடிகிற வரை சிலிண்டரும் கையுமாகக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்க வேண்டும். இதற்கு நல்ல பக்கத்து வீடு அமைய வேண்டும். குழாய் உறுத்துகிறதே என்று மூக்கில் எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது. அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான்.

பில்லைப் பார்த்தால் மயக்கம்

காற்றில் 21 சதவீதம்தான் பிராண வாயு. மெஷின் அதை வடிகட்டி 90 சதவீதத்துக்கு மேல் ஆக்கித் தருகிறது. கொரோனா 2-வது அலையின் போது (2021) ஊரே தேடி அலைந்ததே, அந்த மெஷின்தான்.

5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் கரண்டு இழுக்கும். ராத்திரி பகல் ஓடினால் ஒரு நாளைக்கு 8.4 யூனிட். 2 மாதத்துக்கு 504 யூனிட்! மெஷின் மட்டும் இவ்வளவு. பேன், லைட்டு தனி.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டினால் 101-வது யூனிட்டில் இருந்தே கணக்கு மாறும், ரேட்டு ஏறும். மாதச் சம்பளக்காரன் வீட்டில் பில் வரும் நாள் துக்க நாள்தான்.

திக்... திக்... ராத்திரி

ராத்திரி 2 மணி. பட்டென்று கரண்டு போகிறது. மெஷின் "பீப் பீப்" என்று கத்தி அடங்குகிறது. என்ன செய்வது?

கைவசம் ஒரு சிலிண்டர் இருக்க வேண்டும். சின்ன சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் வாயு அடங்கும். குழந்தைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால் 50 மணி நேரம் தாங்கும். ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும். சாவி சிலிண்டரிலேயே கட்டித் தொங்க வேண்டும். இருட்டில் சாவி தேட முடியாது. டார்ச் லைட்டும் அங்கேயே இருக்கட்டும். மெழுகுவர்த்தி கூடவே கூடாது!

வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால், புது பேட்டரி என்றால் 3, 4 மணி நேரம் ஓட்டலாம். அதை நம்பியே இருந்து விடக் கூடாது.

மின்தடைப் புகாருக்கு 94987 94987 என்ற நம்பர் இருக்கிறது. வீட்டில் மூச்சுக் குழந்தை இருக்கிற விவரத்தை ஏரியா மின்வாரிய ஆபீசில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைப்பது நல்லது. லைன்மேனும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

சாம்பிராணி வேண்டாம் பாட்டி!

அடுத்த எதிரி புகை.

தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம். "நாங்க எல்லாம் பிள்ளை பெத்து வளர்க்கலியா? காட்டாட்டி சளி பிடிக்கும்டி" என்று பாட்டி சொல்வாள். இந்தக் குழந்தைக்கு அந்தப் புகைதான் சளியைக் கொண்டு வரும். கொசுவர்த்தியும் வேண்டாம், வலை கட்டுங்கள். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது அதை விட மோசம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டு போய் விடும்.

"நான் வெளியேதானே குடிக்கிறேன்" என்று அப்பா சொல்வார். சிகரெட் புகை சட்டையிலேயே வீட்டுக்குள் வருகிறது, சார்!

பார்க்க வருகிறவர்கள் கை கழுவ வேண்டும். சளி உள்ளவர் வாசலோடு நிற்க வேண்டும். கோபித்தால் கோபிக்கட்டும். நமக்குத் தும்மல், அதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு!

நிமோனியா தடுப்பு ஊசி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் போடுகிறார்கள். 6 மாதம் ஆனதும் ப்ளூ காய்ச்சல் ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

"பழகிடும்" என்பது பொய்

"குழாயிலேயே வச்சிருந்தா பழகிடும், எடுத்துடு" என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள். நம்பாதீர்கள்!

பிராண வாயு, சாராயம் அல்ல பழகுவதற்கு. அது குறைந்தால் குழந்தை எடை போடாது. மூளை வளர்ச்சி கெடும். இதயத்துக்குச் சுமை ஏறும். அதே போல "இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்போம்" என்பதும் தப்பு. குறை மாதக் குழந்தைக்கு வாயு அதிகமானால் கண்ணுக்கு ஆபத்து. கூட்டுவது, குறைப்பது டாக்டர் வேலை. கண் பரிசோதனைக்குச் சொன்ன தேதியைத் தவற விடாதீர்கள்.

வாயு அளவு பார்க்கும் கருவியும் பெரியவர்கள் விரலில் மாட்டுவது உதவாது. குழந்தையின் பாதத்தில் சுற்றும் வகைதான் வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

குழந்தை தூங்கும் போது வயிற்றைப் பாருங்கள். முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. இதை எட்டினாலோ, தாண்டினாலோ ஆபத்து. இது நோயுள்ள நுரையீரல் என்பதால், வழக்கமான எண்ணிக்கை என்ன என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். அதை விடக் கூடினாலே உஷார்!

விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? முனகுகிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? உதடு நீலம் பாய்கிறதா? யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். "விடியட்டும்" என்று இருந்து விட்டால் விடியாமலே போகலாம்.

நல்ல சேதி

இவ்வளவு கஷ்டத்துக்கும் ஒரு முடிவு உண்டு. பிறந்த பிறகும் நுரையீரல் வளர்கிறது. முதல் 2 வருடத்தில் புதுப் புது காற்றுப் பைகள் முளைக்கின்றன. குழந்தை எடை போடப் போட, வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று, இரண்டு வயதுக்குள் குழாய் போய் விடுகிறது. தாய்ப்பாலும், பொறுமையும், தூங்காத கண்ணும்தான் பெரிய மருந்து.

நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். போகி அன்று டயர் கொளுத்துகிறோமே, தெருமுனையில் குப்பைக்குத் தீ வைக்கிறோமே, அந்தத் தெருவில் இப்படி ஒரு தூளி தொங்கலாம். தீக்குச்சியைக் கிழிக்கும் முன் ஒரு தடவை மேலே, ஜன்னலைப் பாருங்கள்.