பழைய கட்டிங் மெஷின் வாங்கப் போறீங்களா? முதல்ல கார்டு இருக்கான்னு பாருங்க!

பழைய பொருள் விற்கும் செயலியில் "கட்டிங் மெஷின்" என்று தேடிப் பாருங்கள். புது விலையில் பாதிக்கும் குறைவாக நிறைய வரும். வாங்கும் முன் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். பிளேடை மூடியிருக்கும் கவர், அதாவது கார்டு, பல மெஷின்களில் இருக்காது.

ஏன் இருக்காது? நம் ஊரில் மரம் அறுக்கப் பலரும் வைத்திருப்பது மார்பிள் கட்டர். கல்லும் டைல்ஸும் வெட்டச் செய்தது அது. அதில் பல் வைத்த மர பிளேடை மாட்டுகிறார்கள். அளவில் பெரிய பிளேடு உள்ளே போகாது என்பதால் கார்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இந்த மெஷின் நிமிடத்துக்கு சுமார் 12,000 சுற்று சுற்றும். மரத்துக்கென்றே செய்த சர்குலர் ரம்பம் ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில்தான் ஓடும். அறுத்து முடித்ததும் ஸ்பிரிங் கார்டு தானாக வந்து பிளேடை மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அந்த வசதி கிடையாது. பிளேடு மரத்தில் சிக்கினால் மெஷின் பிடித்திருப்பவர் பக்கம் தூக்கி அடிக்கும். கார்டு இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்த மெஷினாக இருந்தாலும் பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம், மெஷின் தகட்டில் உள்ள வேகத்தைவிடக் குறையக் கூடாது.

"ஓடுது பாருங்க சார்" என்று அரை நிமிடம் ஓட்டிக் காட்டுவார்கள். அது போதாது. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு மாட்டும் தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்றோட்டத் துளை வழியே சின்ன நீலப் பொறி தெரிந்தால் பரவாயில்லை. கார்பன் பிரஷ் மாற்றினாலே சரியாகிவிடலாம். பொறி வளையமாகச் சுற்றி வந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ ஆர்மேச்சர் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யும் செலவில் வேறு மெஷினே பார்க்கலாம். ஸ்விட்சை விட்டதும் மெஷின் நிற்க வேண்டும். லாக் பட்டன் சிக்கிக்கொள்ளும் மெஷினைத் தொடாதீர்கள்.

தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் இரட்டைக் காப்பு உள்ள மெஷின். இரண்டு பின் பிளக் போதும். அந்தக் குறி இல்லாத பழைய இரும்பு பாடி மெஷினுக்கு எர்த்துடன் மூன்று பின் பிளக் கட்டாயம். ஒயரில் டேப் சுற்றியிருந்தால் ஒயரையே மாற்றுங்கள். வேலை செய்யும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் இன்னும் நல்லது.

பில் கேளுங்கள். இல்லை என்றால், விற்பவரின் பெயர், முகவரி, மெஷினின் வரிசை எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வரிசை எண்ணைச் சுரண்டியிருந்தால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம். "அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்க, பார்சல் அனுப்பிடறேன்" என்பவரிடம் மெஷினை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

வேலை செய்யும்போது லுங்கியும் தோளில் துண்டும் வேண்டாம். கையுறையும்தான்! சுழலும் பிளேடு துணியை இழுத்தால் விரலும் சேர்ந்து போகும். கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. பிளேடு மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் தசை கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கட்டட வேலைக்குப் போகும் தச்சர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் சேரலாம். 18 முதல் 60 வயது வரை பதியலாம், இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். விபத்தில் மரணமோ ஊனமோ நேர்ந்தால் உதவித்தொகை கிடைக்கும். ஆனால் அதற்குப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியை இப்போதே போனில் குறித்து வையுங்கள்.